எமிஸ், அபார், தினசரி வருகைப்பதிவு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும், கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போதும் பெற்றோர் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது; அது எங்கே வருகிறது என்பது படிக்கும்போதே தெரியும்.

எமிஸ் என்கிறார்களே, அது என்ன?

பள்ளிக் கல்வித்துறை வைத்திருக்கும் மையத் தரவுத்தளம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று எதில் படித்தாலும் பிள்ளைக்கு ஒரு எமிஸ் எண் இருக்கும். முதலில் சேர்ந்த பள்ளியில் தருவார்கள், பிளஸ் டூ முடிக்கும் வரை அதே எண்தான். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பொருட்கள் எல்லாம் இந்த எண்ணை ஒட்டித்தான் நடக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் எமிஸ் எண் கேட்பார்கள். எந்தெந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது அதில் இருக்கிறது.

பிள்ளை பள்ளி மாறினால் பழைய பள்ளி அவன் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விட வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கட்டண பாக்கி இருக்கிறது என்று சில தனியார் பள்ளிகள் பெயரை விடாமல் இழுத்தடிப்பது ஜூன் மாதம் தவறாமல் நடக்கும் தகராறு. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. பெயரை விடாமல் வைத்திருப்பதும் அதே வேலைதான், வழி மட்டும் வேறு.

வருகைப்பதிவு எப்படி மேலே போகிறது?

காலை மணி அடித்ததும் வகுப்பாசிரியர் பெயர் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டால் முடிந்தது. இப்போது கைபேசியில் துறையின் செயலியைத் திறந்து அதே பட்டியலை இன்னொரு முறை போட வேண்டும், மதியமும் போட வேண்டும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஆசிரியர் மைதானத்தின் மூலைக்குப் போய் நிற்பதைப் பார்க்கலாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் காத்திருப்பார்கள், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எமிஸ் வேலையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுப்பது சும்மா இல்லை.

பதிவானதும் அந்தக் குறி தலைமை ஆசிரியரின் திரைக்கும், வட்டார, மாவட்ட அலுவலகங்களுக்கும், சென்னைக்கும் போய்விடுகிறது. எந்தப் பள்ளி இன்னும் போடவில்லை என்பதும் தெரியும். அதனால் பிள்ளை ஏன் வரவில்லை என்பதைவிட, வருகை ஏன் இன்னும் ஏறவில்லை என்று கேட்டு வரும் போன்தான் பள்ளியில் அதிகம்.

இதெல்லாம் எதற்கு? பதிவேடே போதாதா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 9-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் சேர்கிறதா, வருகிறதா, தொடக்கக் கல்வியை முடிக்கிறதா என்று கண்காணிக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்புக்குத் தருகிறது. 24-ஆம் பிரிவின்படி, பிள்ளையின் வருகை பற்றிப் பெற்றோரைக் கூட்டி ஆசிரியர் சொல்ல வேண்டும். கண்காணிப்பதே தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கு வராமல் போன பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்பதை முதலில் மோப்பம் பிடிப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர்தான். அவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசியதால் நின்ற கல்யாணங்கள் உண்டு.

காகிதப் பதிவேட்டுக்கு ஒரு பழைய வியாதியும் இருந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் வேறு ஊருக்குப் போக வேண்டும். அதனால் வராத பிள்ளையின் பெயரும் பட்டியலில் தங்கிவிடும். ஒரே பிள்ளை இரண்டு பள்ளியில் இருப்பதும் நடந்தது. ஆளுக்கு ஒரு எண் வந்த பிறகு அது குறைந்தது, மறுக்க முடியாது.

அப்படியானால் இடைநிற்றலை எமிஸ் நிறுத்திவிட்டதா?

இல்லை. 2023 மார்ச் 13-இல் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு நடந்தபோது 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை. மாநிலமே அதிர்ந்தது. அந்த ஆண்டினர் கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றவர்கள் என்று அரசு காரணம் சொன்னது. காரணம் சரியாகவே இருக்கட்டும். அத்தனை பேரின் பெயரும் எண்ணும் தரவுத்தளத்தில் இருந்தன, தேர்வு எண்ணும் கொடுத்தாகிவிட்டது. பெஞ்சு காலியாக இருப்பது தேர்வு அன்றுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. தகவல் மேலே போய்ச் சேர்வதும், அதைப் பார்த்து யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதும் ஒன்றல்ல.

வந்தான், வரவில்லை. இதில் என்ன ரகசியம் இருக்கிறது?

ஒரு நாள் குறியில் ஒன்றும் இல்லை. ஒரு வருடக் குறிகளை வரிசையாக வைத்தால் வீட்டுக்கதை முழுதும் வந்துவிடும்.

மாதம் தவறாமல் இரண்டு மூன்று நாள் வராத பெண் குழந்தையைப் பற்றி அந்த வரிசை என்ன சொல்கிறது என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் பள்ளியில் கழிவறை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பொங்கல் முடிந்ததும் காணாமல் போய் அடுத்த கல்வியாண்டில் திரும்பும் பிள்ளைகள் செங்கல் சூளைக்குப் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திங்கட்கிழமைதோறும் வராதவன், வாரக்கடைசியில் வேலைக்குப் போய் உடம்பு முடியாமல் படுத்திருக்கலாம், அப்பா அம்மா பிரிந்து வாழும் வீட்டில் ஞாயிறு இரவு இன்னொரு ஊரில் இருந்திருக்கலாம். மூன்று வாரம் தொடர்ந்து வராமல், பிறகு மாதம் ஒரு நாள் மட்டும் வராமல் இருந்தால் ஆஸ்பத்திரி. இதையெல்லாம் வகுப்பாசிரியர் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். விடுப்புக் கடிதத்தில் "வயிற்று வலி" என்று எழுதியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்குப் புரியும். 300 கிலோமீட்டருக்கு அப்பால் திரை முன் இருப்பவருக்குப் புரிவது சதவீதம் மட்டும்தான்.

இங்கிலாந்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024-25 கல்வியாண்டு முதல் அங்குள்ள பள்ளிகள் தினசரி வருகை விவரத்தைக் கல்வித்துறைக்கு அனுப்பியே ஆக வேண்டும். வராததற்கான காரணமும் ஓர் எழுத்தாகக் கூடவே போகிறது. நோய்க்கு ஒன்று, மருத்துவரைப் பார்க்கப் போனதற்கு ஒன்று, மத வழிபாட்டு நாளுக்கு ஒன்று, பள்ளி தண்டனையாக வெளியே அனுப்பியதற்கு ஒன்று. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் பெற்றோரோடு பயணம் செய்யும் பிள்ளைக்குத் தனி எழுத்தே இருக்கிறது. அந்த எழுத்து ஒருவர் பெயரோடு வந்தால் அவர் எந்தச் சமூகம் என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

எமிஸில் என் பிள்ளையைப் பற்றி வேறு என்னவெல்லாம் இருக்கிறது?

பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், பிறந்த தேதி, புகைப்படம், ஆதார் எண், மதம், சமூகப் பிரிவு, உட்சாதி, தாய்மொழி, இரத்தப் பிரிவு, மாற்றுத்திறன் இருந்தால் அதன் வகை, அப்பா அம்மா பெயர், அவர்கள் செய்யும் தொழில், ஆண்டு வருமானம், முகவரி, கைபேசி எண். உதவித்தொகை வாங்கும் பிள்ளை என்றால் வங்கிக் கணக்கு. இதனோடு மதிப்பெண், வருகை, வாங்கிய இலவசப் பொருட்கள், உயரம், எடை.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். உதவித்தொகைக்குச் சாதி, பேருந்து அட்டைக்கு முகவரி, மருத்துவ முகாமுக்கு எடை. சிக்கல் இவை எல்லாமே ஒரே எண்ணின் கீழ், ஒரே இடத்தில், ஆண்டுக்கணக்கில் கிடப்பதுதான். முன்பு சாதிச் சான்றிதழ் அலமாரியில் இருந்தது, மதிப்பெண் பதிவேடு மேசையில் இருந்தது, வங்கிப் புத்தகம் வீட்டில் இருந்தது. மூன்றையும் ஒன்றாகப் பார்க்க யாராவது மெனக்கெட வேண்டும். இப்போது மெனக்கெட வேண்டாம்.

சாதி விவரம் வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தெரியக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த அண்ணன் தங்கையை, உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய பத்தியோ குறிப்போ இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்துக் கேட்காமல் தலைமை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று.

நடைமுறையில் ஓட்டை விழுவது சின்ன இடங்களில்தான். "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க, பேங்க் பாஸ்புக் கொண்டு வரலையா?" என்று வகுப்பில் கேட்டால் அது போதும், எந்தத் தரவுத்தளமும் கசிய வேண்டாம். இப்படி நடந்தால் தலைமை ஆசிரியரிடம் அந்த அறிக்கையைச் சொல்லியே பேசுங்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் செய்வதுதான். ஒரு முறை சொன்னால் மாற்றிக்கொள்வார்கள்.

இந்த விவரங்களை யார் யார் பார்க்கலாம்?

வகுப்பாசிரியருக்குத் தன் வகுப்பு, தலைமை ஆசிரியருக்குத் தன் பள்ளி, அலுவலர்களுக்கு வட்டாரம், மாவட்டம் என்று படிநிலை உண்டு. ஏட்டில் அது ஒழுங்காகவே இருக்கிறது.

ஆனால் பள்ளியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். கணினி தெரிந்த ஒரு ஆசிரியர், தற்காலிகமாக வந்து போன ஒருவர், அவசரத்துக்குப் பக்கத்துப் பள்ளி நண்பர். அதற்கும் மேல், பள்ளியில் இணையம் இழுக்கவில்லை என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பிள்ளைகளின் விவரங்களை ஏற்றியதும் நடந்ததுதான். அந்தக் கணினியில் என்ன சேமிக்கப்பட்டது, அச்சடித்து மீந்த தாள் எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. வேலையைக் கொடுத்தவர்கள் அதற்கான வசதியைக் கொடுக்கவில்லை.

இதுவரை எங்காவது கசிந்திருக்கிறதா?

நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீடுகளைப் படிக்க ஆரம்பத்தில் பயன்பட்ட செயலி தீக்ஷா. ஒன்றிய கல்வி அமைச்சகத்தினுடையது. அதன் தரவு வைத்திருந்த மேகக் கணினிச் சேமிப்பகம் ஒன்று பூட்டில்லாமல் கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சலும், சுமார் ஆறு லட்சம் மாணவர்களின் விவரமும் அதில் இருந்தன.

இன்னொரு உதாரணம் இங்கிலாந்து. 14 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களின் கற்றல் பதிவுகள் அங்கே ஒரு மையத் தளத்தில் இருக்கின்றன. 2 கோடியே 80 லட்சம் பேர் வரை. அதைப் பார்க்கும் அனுமதி, வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்காகப் பின்னணி சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த வழியாகச் சூதாட்ட நிறுவனங்கள், தங்கள் தளத்தில் கணக்குத் தொடங்குபவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டன. ஒரு செய்தித்தாள் எழுதிய பிறகுதான் கல்வித்துறைக்கே தெரிய வந்தது. 2022 நவம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் துறையைக் கண்டித்தார். யாரும் பூட்டை உடைக்கவில்லை, சாவி கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஹேக்கர்களைவிட இந்த வகைதான் பயம்.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, பிள்ளையின் பெயரையும் பாடப்பிரிவையும் சரியாகச் சொல்லி "அட்மிஷன் போட்டுட்டீங்களா சார்?" என்று வரும் போன்கள் எங்கிருந்து எண்ணைப் பெறுகின்றன என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். டியூஷன் சென்டர், மாதிரித் தேர்வு நடத்துபவர்கள், கண்காட்சியில் நாமே எழுதிக் கொடுத்த சீட்டு என்று வழிகள் பல. எந்த வழி என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

யூடைஸ், பென், அபார்: இத்தனை எண்கள் எதற்கு?

எமிஸ் மாநிலத்தினுடையது. யூடைஸ் பிளஸ் ஒன்றிய அரசின் பள்ளித் தரவுத்தளம். முன்பு யூடைஸுக்குப் பள்ளிவாரியாக எண்ணிக்கை போனது: இத்தனை பெண்கள், இத்தனை ஆண்கள், இத்தனை வகுப்பறை. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரின் விவரமும் பெயரோடு போகிறது. அங்கே கிடைப்பது பென் என்ற நிரந்தரக் கல்வி எண். என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் நடந்தது அந்த ஆண்டில்தான். அப்போது யாரும் அதைப் பேசவில்லை.

அபார் அதற்கு மேல் வந்தது. 12 இலக்கம், ஆதாரோடு இணைந்தது, டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ்களைச் சேர்த்து வைப்பதற்கு. "ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாள எண்" என்று விளம்பரம் செய்வது இதைத்தான்.

அபாருக்குக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். பள்ளியில் தரும் தாள் ஒப்புதல் படிவம். விருப்பத்தின் பேரில்தான் என்று கல்வி அமைச்சகமே சொல்கிறது. விருப்பமில்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு ஒரு வெள்ளைத் தாளில் "எங்கள் பிள்ளைக்கு அபார் எண் உருவாக்க ஒப்புதல் இல்லை" என்று எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பயன்படுத்திய விவரத்தை அது பாதிக்காது என்று படிவத்திலேயே இருக்கிறது, கவனித்துப் படியுங்கள்.

நடப்பது வேறு. "நூறு சதவீதம் முடிக்கணும்" என்று பள்ளிக்கு மேலிருந்து நெருக்கடி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "இன்னும் கொடுக்காதவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் வரும். நாளைக்குள் வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளை அழுதுகொண்டே வந்து நின்றால் எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போடத்தான் செய்வார். இதை ஒப்புதல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொன்று: பள்ளிப் பதிவில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அபார் உருவாகாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் அந்தக் கணினிக்குப் பிடிபடாமல், எத்தனையோ குடும்பங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆதார் மையத்தில் வரிசையில் நின்றன.

ஆதார் கொடுக்காவிட்டால் சேர்க்கை கிடையாது என்கிறார்களே?

சொல்லக் கூடாது. 2018 செப்டம்பர் 26-இல் வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை, ஆதார் இல்லாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் திட்டத்தின் பலனை மறுக்கக் கூடாது, வேறு ஆவணத்தைப் பார்த்துத் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். அதுவும் இல்லை என்றாலும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுச் சான்று இல்லாததற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது.

புதிதாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே, அது காப்பாற்றாதா?

கொஞ்சம் காப்பாற்றும், நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நமக்கு வேண்டிய முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்கள் விவரத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வது, நடத்தையைக் கண்காணிப்பது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது கூடாது. குழந்தைகள் விஷயத்தில் கடமை தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. விலக்குகளைப் படித்தால் உற்சாகம் குறையும். கல்வி நிலையங்கள் தங்கள் கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாம் என்று விதிகள் இடம் கொடுக்கின்றன. வருகைப்பதிவு அதில் வந்துவிடும், வர வேண்டியதுதான். அரசு மானியம், நலத்திட்டம், சான்றிதழ், சேவை தருவதற்காக விவரத்தைப் பயன்படுத்தினால் ஒப்புதலே தேவையில்லை என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. "என் விவரத்தை அழித்துவிடு" என்று கேட்கும் உரிமை அரசிடம் செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, தனியார் டியூஷன் செயலியிடம் நீங்கள் கேட்கக்கூடிய பலவற்றை எமிஸிடம் கேட்க முடியாது. பிள்ளையைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடம் குறைவாகவும், குறைவாகத் தெரிந்தவரிடம் அதிகமாகவும் கேட்கலாம் என்றால் என்ன கணக்கு இது?

முகத்தைக் காட்டி வருகை பதிவதாகக் கேள்விப்பட்டோம்.

சென்னையில் அரசுப் பள்ளிகளில் 2018 டிசம்பரில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரின் பள்ளி ஒன்று 22 மாணவர்களை வைத்து மூன்று வாரம் இதையே செய்தது. பெற்றோர் எல்லோரும் சம்மதித்துத்தான் நடந்தது. ஆனாலும் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் 2 லட்சம் குரோனா அபராதம் போட்டது. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையே சமநிலை இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது. வருகை எடுக்க முகம் தேவையில்லை, வேறு எளிய வழிகள் இருக்கின்றன என்றது ஆணையம். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஏழு வயதில் கொடுத்த முகத்தை எப்படி மாற்றுவது? உங்கள் பள்ளியில் பேச்சு வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்துப்பூர்வமாக எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

தனியார் பள்ளிச் செயலி, வாட்ஸ்அப் குழு எல்லாம்?

வராதவர் பட்டியலைப் பொதுக்குழுவில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளை வரவில்லை என்பது அந்தப் பிள்ளையின் பெற்றோருக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தி. செயலி என்றால், அதை நடத்தும் நிறுவனம் எது, பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு விவரத்தை என்ன செய்யும் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பள்ளியும் இதுவரை கேட்டதில்லை என்று அர்த்தம்.

சரி, பெற்றோராக நான் இப்போது என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளையின் எமிஸ் விவரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வகுப்பாசிரியர் கைபேசியிலேயே காட்டிவிடுவார். பெயர், பிறந்த தேதி, சமூகப் பிரிவு, மாற்றுத்திறன், கைபேசி எண் ஆகிய ஐந்தையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் இப்போதே எழுதிக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போன பிறகு ஓர் எழுத்தைத் திருத்த அலைவது பெரும்பாடு.

வருகையிலும் பிழை வரும். இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கும் வகுப்பில் ஒருவன் வராததை இன்னொருவன் கணக்கில் போட்டுவிடுவது சாதாரணம். விடுப்புக் கடிதத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நோயின் பெயரை எழுத வேண்டிய அவசியம் இல்லை, "உடல்நலமின்மை" போதும். ஆசிரியருக்கு மட்டும் தெரிய வேண்டியதை நேரில் சொல்லுங்கள்.

பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் 14417 என்ற கல்வித்துறை உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளின் விவரம் எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்படுகிறது, ஒப்பந்தம் என்ன, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேட்டால் பிள்ளையை ஒதுக்கிவிட மாட்டார்களா?

இந்தப் பயம் நியாயமானதுதான். தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பொருளாக வைத்துக் கேளுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது ஒருவர் கேள்வியாக இருக்காது. ஆசிரியரை எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்திப் பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தப் பதிவு வேலையால் அவரும் நொந்துபோய்த்தான் இருக்கிறார்.

உங்களைப் பொறுத்தவரை எப்படி இருக்க வேண்டும்?

வராத பிள்ளையின் பெயர் பள்ளிக்கும், வீடு தேடிப் போகக்கூடிய வட்டார அலுவலருக்கும் தெரிந்தால் போதும். மாவட்டத்துக்கும் சென்னைக்கும் எண்ணிக்கை போகட்டும்: எந்த ஒன்றியத்தில், எந்த வகுப்பில், எந்த மாதத்தில் எத்தனை பேர். சூளைக்குப் போகும் பருவம் அதில் தெளிவாகத் தெரியும், பெயர் தேவைப்படாது. காரணம் மேலே போகவே கூடாது. கல்வியாண்டு முடிந்து தேர்வும் முடிந்த பிறகு தினசரிக் குறிகளை அழித்துவிட்டு மொத்த நாட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எட்டு வயதில் எந்தச் செவ்வாய்க்கிழமை வரவில்லை என்பது இருபது வயதில் யாருக்கு வேண்டும்? உதவித்தொகைக்கு வாங்கிய சாதி, வருமான விவரத்தை வருகை, மதிப்பெண் திரைகளில் இருந்து தனியே பிரித்து வைக்க வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். யார் எதைப் பார்க்கலாம் என்று ஓர் அரசாணை போதும்.

18 வயது ஆனதும் பிள்ளை தானே ஏதாவது செய்ய முடியுமா?

ஆதார் விஷயத்தில் முடியும். 2019 திருத்தத்தில் வந்த 3ஏ பிரிவின்படி, சிறு வயதில் பெற்றோர் எடுத்த ஆதாரை, 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்து ரத்து செய்துகொள்ளலாம். அபாருக்குப் பெற்றோர் கொடுத்த ஒப்புதலையும் திரும்பப் பெறலாம். எமிஸில் இருந்து பெயரை நீக்கச் சொல்ல இப்போதைக்கு வழி கிடையாது. பிழை இருந்தால் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் வழியாகத் திருத்தக் கேட்கலாம். கல்லூரி உதவித்தொகைக்கு அதே எண்ணைக் கேட்பார்கள் என்பதால் எண்ணை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய அடையாள அட்டையில் இருக்கலாம்.